கதவுக்கு வெளியே நின்றவர்

கல்லூரி முதல்வர் அறைக்குள் நுழைந்தோம். "நீ வாயைத் திறக்காதே, நான் பாத்துக்கறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் என் கணவர். என் மகன் பிரதீப் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, தில்லி மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் ஒரு வீடு விடாமல் இனிப்பு கொடுத்தேன். வாலிபால் டீம் சீனியர்கள் அவனைப் பந்தும் வலையும் வைக்கிற அறையில் பூட்டி, மண்டிபோட வைத்து, முட்டியில் மிதித்திருக்கிறார்கள். புதுப் பையன்களுக்கு வரவேற்பாம்.

"ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததாகப் பையனே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்றார் முதல்வர், இந்தியில், தேன் ஒழுக. கல்லூரிப் பெயர் கெடக்கூடாது. பையன் முட்டி கெட்டால் பரவாயில்லை போல.

கோச் ரவி குமாரும் இந்தியில்தான் பேசினார். "நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஏதோ கத்தினான். என்ன பாஷையோ, ஒன்றும் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்தேன்."

பிரதீப் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் டீமிலிருந்து தூக்குவார்கள். டீம் போனால் சீட்டும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி பிள்ளையின் முட்டி.

தில்லியில் எங்களுக்கு ஒரு பழக்கம். ஆட்டோ பேரமானாலும் டாக்டர் முன்னாலானாலும் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம்; எவருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். என் கணவரும் அதையே செய்தார்.

"விழுந்துட்டேன்னு சொல்லித் தொலைடா. சீட்டு முக்கியம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயெடுப்பதற்குள் கோச் நிம்மதியாக முன்னால் சாய்ந்தார்.

"அப்பா சொல்றதக் கேளு தம்பி. சீட்டுக்கு நான் பொறுப்பு. நானும் திருச்சிப் பக்கம்தான்."

சுத்தமான தமிழ். "அட, நம்ம ஊரா சார்!" என்று என் கணவர் முகம் மலர்ந்தார்.

பிரதீப் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் தமிழில் பேசச் சொன்னால் முகம் சுளிக்கிறவன், அவரையே பார்த்துத் தமிழில் கேட்டான்.

"'அம்மா, முட்டி உடையுது, யாராவது கதவைத் திறங்க'ன்னு கத்தினேனே சார். அப்ப உங்களுக்குப் புரிஞ்சுதா?"

கோச் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"பையன் என்ன கேட்கிறான்?" என்றார் முதல்வர்.

நான் எழுந்து நின்று, கோச் தமிழில் சொன்னதையும் பையன் கேட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். என் கணவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.