ஓரகத்தி குரலும் ஒரு மலிவு இயர்போனும்

நிர்வாகி அம்மாள் மேசைமேல் தள்ளிய அட்டைப்பெட்டி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. உள்ளே சுருட்டி வைத்த கறுப்புக் கம்பி. அதன் ஒரு முனையில் செருகும் ஊசி, மறுமுனையில் காதுக்குள் நுழைக்க ரப்பர் குமிழ் மாட்டிய இரண்டு மொட்டுகள்.

"விலை கொறச்சல்தான். புதுத் தொடருக்குச் சந்தா கட்டுற எல்லாருக்கும் இதை இலவசமா அனுப்பப் போறோம். நாளைக்குள்ள நல்லாக் கேட்டுப் பாத்துட்டு எப்படியிருக்குன்னு சொல்லு."

"எதைப் போட்டுக் கேக்கணும் மேடம்?" என்றாள் மூத்தவள்.

"உன் ஓரகத்தி படிச்ச முதல் அத்தியாயத்தைத்தான். அவளோடது கனமான குரல். இந்த மாதிரி மலிவு சாமான்ல தகரமா ஒலிக்குமோன்னு எனக்கு ஒரு பயம். சரியா வரலைன்னா சொல்லிடு, தொடரை நீயே படிச்சிடு. உன் குரல் கல்லுச் சுவரையும் துளைக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அம்மாள் சிரித்தார். "வேற யார்கிட்டயாவது குடுத்தா பொறாமையில ஏதாவது சொல்லிடுவாங்க. நீ வீட்டு மனுஷி."

பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறவர்கள் எல்லோரும் பூனையை நம்பித்தான் வைக்கிறார்கள்.

அது புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து செல்பேசியில் கேட்கத் தரும் நிறுவனம். துணி தேய்க்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கண் மங்கியவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள் என்று பலர் கேட்கிறார்கள். மூத்தவள் பல வருஷமாக அங்கே படிக்கிறாள். திருத்தமான உச்சரிப்பு, ஒரு எழுத்தை விழுங்க மாட்டாள். இளையவள், அதாவது அவள் கொழுந்தனின் மனைவி, போன வருஷம்தான் வந்தாள். வீட்டில் சும்மா இருந்தவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று அவள் இப்போது தினமும் நினைக்கிறாள்.

அப்படி நினைப்பதற்கு இளையவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். தப்புச் செய்தால் சண்டை போடலாம். நன்றாகப் படிக்கிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்தப் புது அம்மா படிச்சது வேற என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். அலுவலக வாசலில் இருக்கும் காவலாளிகூட மூத்தவள் தனியாக வரும் நாளில், "அவங்க வரலீங்களா?" என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, மூத்தவளின் சின்ன மகள் இப்போதெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு இளையவள் குடியிருக்கும் கீழ்வீட்டுக்குப் போய்விடுகிறாள். "சித்தி படிச்சாத்தான் கதை கண்ணுல தெரியுது," என்கிறாள். அன்று மூத்தவள் கதைப் புத்தகத்தை மூடி வைத்த சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

இந்த நிலையில்தான் பெரிய தொடர் வந்தது. முடிய இரண்டு வருஷம் ஆகும் நெடுங்கதை. அதைப் படிக்கிற குரலே இனி நிறுவனத்தின் குரல். அதை இளையவளுக்கென்று அநேகமாக முடிவு செய்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் முறையாகவே தொடங்கினாள். கம்பியை இழுத்துப் பார்த்தாள், முறுக்கி விட்டாள், சிக்கு விழவில்லை. ஊசியைச் செருகியும் பிடுங்கியும் பார்த்தாள், கரகரப்பு இல்லை. இடதும் வலதும் சமமாக ஒலித்தன. நடக்கும்போது கம்பி உடையில் உரசி லேசான சரசரப்பு கேட்டது. இந்த விலைக்கு அது பெரிய குறையில்லை. அலுவலகத்தில் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனில்தான் அவள் வேலை செய்வாள். காதுக்குள் நுழைக்கும் வகை அவளுக்குப் பழக்கமில்லை. மொட்டுகள் இரண்டும் ஏதோ விருந்தாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்ததுபோல் காதோரம் தொத்திக்கொண்டு நின்றன.

பிறகு இளையவளின் முதல் அத்தியாயத்தை ஓடவிட்டாள்.

குரல் மெலிந்து வந்தது. அடியிலிருக்கும் கனமெல்லாம் போய், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும் வானொலி மாதிரி இருந்தது. 'ச' வரும் இடமெல்லாம் சீறியது. மூத்தவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து கேட்டாள். சந்தேகமே இல்லை, தகரம்தான்.

அந்தக் கணத்தில் அவள் மனதில் பொங்கிய சந்தோஷத்தை அவளே நிமிர்ந்து பார்க்கக் கூசினாள். ஆனால் அடக்கவும் முடியவில்லை. 'நான் என்ன பண்ணட்டும், இருக்கிறதைத்தானே சொல்லப் போறேன்,' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது.

அவள் கணவன் வந்து, "என்ன, அடுப்படியில கச்சேரி?" என்று சொல்லி ஒரு மொட்டை எடுத்துத் தன் காதில் அமுக்கினான். அவன் காது முறம் மாதிரி பெரிது.

"அட, நல்லாத்தானே இருக்கு! கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கம்பீரமா வருது."

"உங்களுக்கு உங்க தம்பி பொண்டாட்டி தும்மினாலும் சங்கீதம்தான்."

"உள்ளதைச் சொன்னேம்மா."

"உள்ளதைச் சொல்ல உங்களை யார் கேட்டா? போய்த் துணியை மடிச்சு வைங்க."

அவன் போய்விட்டான். அவன் காதுக்குக் கம்பீரமாக ஒலித்தது தன் காதுக்கு ஏன் தகரமாக ஒலிக்கிறது என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நமக்கு வேண்டிய பதில் கைக்கு வந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்க நமக்கு மனம் வருவதில்லை.

மாலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது, "கடவுளே, எது நியாயமோ அதையே என்னைச் சொல்ல வை," என்று வேண்டினாள். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டுக் கேட்கும் பிரார்த்தனை அது. இருந்தாலும் இறைவன் அரைகுறை விண்ணப்பங்களையும் படிக்காமல் தள்ளிவிடுகிறவர் அல்ல.

மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது இளையவள் படியேறி வந்தாள். கையில் அதேபோன்ற அட்டைப்பெட்டி. படிக்கிறவள் என்பதால் அவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, உங்க பெட்டியோட மூடிக்கு அடியில ஒரு குட்டிப் பை இருந்திருக்குமே, பாத்தீங்களா?"

"என்ன பை?"

"அதானே! நெனச்சேன். பெருசு, சிறுசுன்னு வேற ரப்பர் குமிழெல்லாம் அதுலதான்கா ஒளிச்சு வச்சிருக்கான், என்னமோ தங்கம் மாதிரி. மாட்டி வர்றது நடு அளவு. எனக்குச் சரியா இருக்கு. உங்க காது சின்னக் காதுக்கா. போன மாசம் என் கம்மலைப் போட்டுப் பாத்தீங்களே, அப்பவே கவனிச்சேன். நடு அளவு உங்களுக்கு உள்ள போயே இருக்காது. காத்து பூந்துச்சுன்னா சத்தம் பாதி வெளியில போயிடும்." பேசிக்கொண்டே தன் பெட்டியிலிருந்த சின்னக் குமிழ்களை எடுத்து மூத்தவளின் மொட்டுகளில் மாட்டினாள். "தலையைத் திருப்புங்க. காதை மேல இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நுழைக்கணும். வலிக்குதா?"

"இல்ல."

"யாரோடதை வேணும்னாலும் போட்டுக் கேளுங்க, என்னோடதுதான்னு இல்ல. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லிடுங்கக்கா. எனக்கு ஒண்ணுமே வராதுன்னு எங்க வீட்டுல சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. இது ஒண்ணு வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அதுவே போதும்." அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள்.

மூத்தவள் ஓடவிட்டாள்.

அறை முழுவதும் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியின் நடுவே, வாக்கியம் தொடங்குமுன் இளையவள் இழுத்த மூச்சு கேட்டது. பிறகு குரல் வந்தது. ஆழமாக, வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல். 'ச' சீறவில்லை. கதையில் வரும் தாய் கதவைத் திறக்கும் இடத்தில் மூத்தவளுக்குக் கதவே தெரிந்தது. சின்ன மகள் சொன்னது சரிதான். சீப்பு பாதித் தலையில் நிற்க, அவள் அத்தியாயம் முழுவதையும் கேட்டு முடித்தாள். முடிந்ததும் காதிலிருந்து பிடுங்கி எறியாத குறையாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது.

அலுவலகப் படியேறும்போதே மனம் வாதாட ஆரம்பித்தது. நான் நேற்றுக் கேட்டதும் உண்மைதானே? சின்னக் காது உள்ளவர்கள் ஊரில் நான் ஒருத்தி மட்டுமா? பாதிப் பேர் என்னைப்போல மூடிக்கு அடியில் பார்க்கவே மாட்டார்கள். அவர்களுக்குத் தகரமாகத்தானே கேட்கும்? பொய்யென்றால் தயங்கியிருப்பாள். இது முக்கால் உண்மை. மனிதர்களை அதிகம் வழுக்கி விழச் செய்வது அதுதான்.

"என்ன, எப்படி இருக்கு?" என்றார் நிர்வாகி அம்மாள்.

"கம்பி நல்ல உறுதி மேடம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. ஆனா..." மூத்தவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். "குரல் மெலிசா வருது. அவளோட கனம் அதுல வரல."

"நெனச்சேன்." அம்மாள் பெருமூச்சு விட்டார். "பாவம், ஆசையா இருந்தா. சரி, அப்போ நீயே படி. வர்ற வாரம் ஆரம்பிச்சிடலாம்."

அவ்வளவுதான். இத்தனை நாள் ஏங்கியது இத்தனை எளிதாகக் கிடைத்துவிட்டது. மூத்தவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நடைவழியில் தண்ணீர்க் குவளையோடு இளையவள் நின்றிருந்தாள். "சொல்லிட்டாங்களாக்கா?"

"ம். நான் படிக்கணுமாம்."

இளையவளின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே அதைத் துடைத்துப் போட்டதுபோல் சிரித்தாள். "நீங்களா? அப்பாடா! வேற யாராவது வெளியாளுக்குப் போயிடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு. இந்தாங்க, தொண்டை காஞ்சிருக்கும், குடிங்க."

மூத்தவள் குவளையை வாங்கினாள். குடிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் குடித்திருப்பாள். முகத்தைத் திருப்பியிருந்தால், 'உன் லட்சணம் இதுதானே' என்று நிம்மதியாகக் குடித்திருப்பாள். ஒரு சின்ன அன்பு எதிரே வந்து நிற்கும்போது நாம் ஓடி ஒளிய இடமே இருப்பதில்லை. நேற்று மாலை அவள் அரைமனதாகப் போட்ட விண்ணப்பத்துக்கு இந்தத் தண்ணீர்க் குவளைதான் பதிலோ என்னவோ.

குவளையை இளையவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

"மேடம், இயர்போன் நல்ல இயர்போன். என் காதுதான் சின்னது. சின்னக் குமிழ் மாட்டிக் கேட்டா அவ குரல் அப்படியே வருது. பெரிய ஹெட்போன்ல கேக்கறதைவிடக் கிட்டக்க வருது. மூணு அளவுக் குமிழையும் பெட்டியில மேலாகவே தெரியற மாதிரி வச்சு, உங்க காதுக்குச் சரியானதைப் போட்டுக்கங்கன்னு ஒரு படம் போட்டு அனுப்பினாப் போதும்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலேயே."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று மூத்தவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். "தொடரை அவளே படிக்கட்டும். நடந்ததை அவகிட்ட நீயே போய்ச் சொல்லு," என்று மட்டும் சொன்னார்.

சொன்னாள். நடைவழியில் நின்றபடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வாய் ஓயாத இளையவள், தன் கையால் காதில் மாட்டிவிட்டதை நினைத்தாளோ என்னவோ, விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

மாலை இருவரும் வழக்கம்போல் ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். ஓர் இருக்கை காலியாக இருந்தது. "உக்காருங்க," என்றாள் இளையவள். கூடவே வரும் 'அக்கா' இல்லை. மூத்தவள் உட்கார்ந்தாள். இளையவள் மேலே கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் இளையவளின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்ளக் கை நீட்டினாள். இளையவள் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது, பார்க்காமலே பையை நீட்டினாள்.

மார்க்கெட் நிறுத்தத்தில் பக்கத்து இருக்கை காலியானது. இளையவள் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

"நெசமாவே என் குரல் அவ்வளவு நல்லா இருந்துச்சா?" என்றாள், முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே.

"இருந்துச்சு."

"எவ்வளவு?"

மூத்தவளுக்கு இன்று ஒரு நாளைக்கு முக்கால் உண்மை போதும் என்று தோன்றவில்லை.

"கேக்கக் கேக்க வயிறு பத்தி எரியற அளவுக்கு இருந்துச்சுடி."

இளையவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கனத்த அந்தக் குரலில் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள்.

"இன்னும் எரியுதாக்கா?"

"எரியுது."

"வீட்டுக்குப் போனதும் மோர் தர்றேன்," என்றாள் இளையவள்.