வெறும் ரோஜர்

மூவாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னதற்கு விமானி சோம்பலாக "ரோஜர்" என்றான். ரேணிகுண்டா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த அலர்மேல்மங்கை விடவில்லை. உயரத்தைத் திருப்பிச் சொல்லவைத்தாள். ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். என்ன விழுந்தது என்பதை அவன் வாயாலேயே கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி. வீட்டிலும் இதே கெடுபிடிதான். கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால்கூடத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். "உன்னாண்ட மாட்டிக்கினா ஏரோப்ளேனே அழுவும்" என்று அப்பா தணிகாசலம் நகரியிலிருந்து வரும்போதெல்லாம் கேலி செய்வார்.

ஷிஃப்ட் முடிந்ததும் நேரே அப்பா கிடந்த திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பக்கவாதம் அத்தனை பேச்சையும் வழித்துக்கொண்டு போய், அந்தக் கேலிக்காரரிடம் "சரி" என்ற ஒரே சொல்லை மட்டும் விட்டிருந்தது. தலையைத் திறந்து ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், மேசையிலேயே போனாலும் போகலாம். வேண்டாமென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய் இருக்கிறவரை வைத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

"நீயே கேளுக்கா. நான் எத்தக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லிக்கினு கீறாரு" என்று தம்பி ஜெயபிரகாஷ் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள்.

"நைனா, ஆபரேஷன் பண்ணிக்கிறியா?"

"சரி."

"வேணாமா? ஊட்டுக்குப் போலாமா?"

"சரி."

"ஆபரேஷன்னா என் கைய அமுக்கு."

அமுக்கினார். வீடு என்றாள். அதற்கும் அமுக்கினார்.

"நான் இன்னா கேட்டேன்? திருப்பிச் சொல்லு நைனா. ஒரே ஒரு வாட்டி."

அவர் உதடு கோணிக்கொண்டு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. மகள் கேட்டதைக் கொடுத்துவிட அந்த மனிதர் படாதபாடு பட்டார். கடைசியில் கண்ணில் நீர் வழிய, "சரி" என்றார். இப்படி வதைத்துவிட்டோமே என்று மங்கை அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்தாள்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"ஆபரேஷனுக்கு ஒத்துக்கினாரு."

அக்கா கேட்டால் சரியாகத்தான் கேட்டிருப்பாள் என்று தம்பி டாக்டரைத் தேடி ஓடினான்.

அவள் மறுபடி கட்டிலருகே போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் அமுக்கினார். சற்று விட்டு, மறுபடியும் அமுக்கினார்.