ஐந்தாவது இலக்கம்

மீன் கிடங்கின் உறைபனி அறைக்குள் மெக்கானிக் மாட்டிக்கொண்டார். உள்பக்கக் கைப்பிடியைச் சரிசெய்யத்தான் போனார். "ரெண்டே நிமிஷம்" என்று ஸ்வெட்டரைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. பின்னாலேயே கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. எட்டு இலக்க எண் போட்டுத் திறக்கிற பூட்டு. அந்த எண்ணை அன்று காலைதான் அவரே மாற்றியிருந்தார், யாரிடமும் சொல்லாமல். அவ்வளவு கெட்டிக்காரர்!

வெளியே பேக்கிங் பகுதியைக் கவனிக்கும் அவர் மனைவியும், லாரி ஓட்டும் அவர் தம்பியும். பதற்றத்தில் தம்பி பழைய எண்ணையும், அண்ணன் பிறந்த தேதியையும் அழுத்தித் தொலைத்தான். இன்னும் ஒரு தடவை தப்பாகப் போட்டால் பூட்டு ஒரு மணி நேரம் அசையாது. கதவை அறுக்கிற ஆட்கள் வந்துசேரவும் அவ்வளவு நேரமாகும். அந்தக் குளிரில் அதுவரை உயிர் தங்காது.

தடித்த கதவைத் தாண்டிக் குரல் வரவில்லை; உள்ளே ஸ்பேனரால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு தட்டு. இடைவெளி. ஐந்து தட்டு.

"அண்ணி, நம்பரைத்தான் தட்டுறாரு!"

அவள் கதவில் காதை ஒட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியில் குறித்தாள். நாலு, ஐந்து, இரண்டு, ஆறு. அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் உறுமித் தொலைத்தது. அது ஓய்ந்ததும் மூன்று, மூன்று, நாலு. ஐந்தாவது இலக்கம் போயே போய்விட்டது.

ஓங்கித் தட்டினாள். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டு வரவில்லை.

"உங்க அண்ணன் வைக்கிற நம்பர் எதுவும் ஒன்பதால வகுபடும், தம்பி. சைக்கிள் பூட்டுக்குக்கூட அப்படித்தான்." காதில் விழுந்த ஏழு இலக்கங்களையும் கூட்டினாள். இருபத்தேழு. அதுவே ஒன்பதின் மடங்கு. அப்படியானால் விட்டுப்போனது பூஜ்யமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்.

"ஒண்ணுமே கேக்கலையே, பூஜ்யம்தான்!" அவன் விரல் பூட்டை நோக்கிப் பாய்ந்தது. வெடுக்கென்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

கல்யாணமான புதிதில் கணவர் இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லி அறுப்பார். அவளும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பாள். ரெண்டு இலக்கம் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, அந்தத் தப்பு ஒன்பதுக்குத் தெரியாது, அதனால் பதினொன்றாலும் வகுபட வேண்டும் என்பார். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு தொகையும் சமமாக வரணும், இல்லையென்றால் வித்தியாசம் பதினொன்றின் மடங்காக இருக்கணும்.

அட்டையில் குறித்ததை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினாள். ஐந்து, ஆறு, மூன்று, நாலு: பதினெட்டு. மறுபக்கம் நாலு, இரண்டு, மூன்று: ஒன்பதுதான். விட்டுப்போன ஐந்தாவது இலக்கமும் இந்தப் பக்கம்தான். பூஜ்யம் போட்டால் ஒன்பது குறையும். ஒன்பது போட்டால் சரிக்குச் சரி.

"அண்ணி, தப்பாயிட்டா?"

அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். 45269334.

பச்சை விளக்கு எரிந்தது. கதவை இழுத்ததும் அவர் அப்படியே சரிந்து அவள் மடியில் விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான்.

"இனிமே எட்டு இடத்துலயும் ஒண்ணே வைங்க. தட்டவாவது சுலபமா இருக்கும்" என்று சீறினாள்.

அவர் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "எட்டு இடத்துலயும் ஒண்ணா... கூட்டினா எட்டுதானே வருது... ஒன்பதால வகுபடாதே..."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.