மார்கரெட் வெட்டின காடு

வலது இடுப்புக்குக் கீழே யாரோ உளியை வைத்து நெம்புகிற மாதிரி இருந்தது டெரிக்குக்கு. காலையிலிருந்து ஹாலிஃபாக்ஸில் ஒரு வீட்டு முற்றத்துக்குக் கல் பாவிவிட்டு வந்திருந்தான். அப்பா செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்ட வேலையை நட்டாற்றில் விட முடியாது. அறுபத்தொரு வயதில் நாளெல்லாம் முட்டி போட்டுவிட்டு எழுந்தால் உடம்பு சும்மா இருக்குமா? வேனிலிருந்து இறங்கியவன் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை அங்கேயே நின்றான்.

எதிரே சேப்பல் சந்து. கிரெக்லி ஊரில் அதைவிடச் செங்குத்தான சந்து கிடையாது. கருங்கல் பாவின சந்து, மழை பெய்தால் மீன் முதுகு போல வழுக்கும். உச்சியில் சேப்பல், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். சவ ஊர்தி கீழேயே நின்றுவிடும். அதற்குமேல் பெட்டி போவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, அடக்கத்தொழில் செய்யும் ஓல்ட்ராய்டின் ரப்பர் சக்கர வண்டி. இன்னொன்று ஆறு தோள்.

அப்பா இர்வின் மெர்கட்ராய்ட் சாயப்பட்டறையில் நாற்பது வருஷம் நின்று கை நீலமாகிப்போன மனுஷன். போன மாதமே சொல்லிவைத்துவிட்டார். சக்கரத்தில் வைத்துத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, தன் அப்பனைக் கொண்டுபோன மாதிரி நம் குடும்பப் பேர்க்காரர்கள் ஆறு பேர் தூக்கவேண்டும் என்று. டெரிக் அப்போது தலையை ஆட்டிவிட்டான். படுக்கையில் கிடக்கிற மனுஷனிடம் வேறு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை அடக்கம். ஆறு மெர்கட்ராய்டுக்கு எங்கே போவான்?

அவன் சின்னப் பையனாக இருந்தபோது சேப்பலில் மூன்று வரிசை மெர்கட்ராய்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அப்புறம் ஆலைகளை மூடினார்கள். கொஞ்சம் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். கொஞ்சம் பேர் லீட்ஸ் பக்கம் போய்த் திரும்பவே இல்லை. அதற்கும் முந்தின தலைமுறையில் பாதிப் பேர் போருக்குப் போய்ப் பிரான்ஸ் சேற்றில் கிடக்கிறார்கள். அவர்கள் பேர் மட்டும் சேப்பல் வாசல் கல்லில் இருக்கிறது. மிச்சப் பேர் பெண்பிள்ளைகளோடு போனது. கல்யாணம் ஆன அன்றைக்கே ஒருத்தி கிரீன்வுட், ஒருத்தி சட்க்ளிஃப். இன்றைக்கு இங்கிலாந்து முழுக்கக் கூட்டிப் பிடித்து வந்தாலும் ஹாலிஃபாக்ஸ் கால்பந்து மைதானத்தில் ஒரு பக்கத்து ஸ்டாண்டு நிரம்பலாம், அவ்வளவுதான். அதிலும் முக்கால்வாசி இந்த மேற்கு யார்க்ஷயர் மலைப்பக்கத்தை விட்டு நகராத கூட்டம்.

அந்த ராத்திரியே ஃபோனைக் கையில் எடுத்தான். பெரியப்பா மகன் நெவில் உடனே சரி என்றான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மாற்றின இடுப்பெலும்பு பழசைவிட நன்றாக இருக்கிறது, தோளுக்கு ஒன்றும் இல்லை என்றான். டெரிக்கின் மகள் ஜூடித் லீட்ஸிலிருந்து தேடி, கீத்லியில் ஏட்ரியன் என்று ஒரு பையனைப் பிடித்துக்கொடுத்தாள். யாரென்றே தெரியாத பையன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கறுப்புக் கோட்டு இல்லை, அடர்நீலம் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டான்.  பரவாயில்லை, பரவாயில்லை என்று டெரிக் இரண்டு தரம் சொன்னான்.

அதோடு சரி. ஹாரொகேட்டில் இருக்கிற பல் டாக்டர் மெர்கட்ராய்ட் ரொம்ப மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு, தான் எந்தக் கிளை என்று தனக்கே தெரியாது என்றார். பிரிக்ஹவுஸில் இருந்த இன்னொருவன் இப்போது மெர்கட்ராய்டே இல்லையாம். ஃபோனில் எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் மனைவி பேருக்கு மாறிவிட்டானாம். எல்லண்டில் ஒரு வீட்டில் ஃபோனை எடுத்தது ஒரு பெண். வீட்டில் ஆம்பளைகள் யாரும் இல்லையா என்று கேட்டான் டெரிக். அவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் வரை மூன்றே பேர். அப்பா வீட்டுச் சமையலறையில் தங்கை லொரெய்ன் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவு பன்றித்தொடைக்கறி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலில் இருக்கிறவள், நூறு பேருக்கு என்றாலும் அசரமாட்டாள். ஜூடித் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள் மொரீன். டெரிக்கோடு இருபது வருஷம் வாழ்ந்து, பதினோரு வருஷம் முன்னால் அவனை விவாகரத்து செய்தவள். அவனை விட்டாளே தவிர, இரண்டு வீடு தள்ளி இருந்த மாமனாரை விடவில்லை. டெரிக் வேலை வேலை என்று ஸ்காட்லாந்து வரை போய்க் கிடந்த இரண்டு குளிர்காலமும் கிழவருக்குக் கஞ்சி வைத்ததும், கால் கழுவிவிட்டதும், மாத்திரை கொடுத்ததும் அவள்தான். தயிர்க்கட்டி போட்டுச் சுட்ட டார்ட் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாளைக் காலையில் ஓல்ட்ராய்டிடம் போய் வண்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னான் டெரிக். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லொரெய்ன் பேனாவைக் கீழே வைத்தாள். "மூணு பேர் இருக்கீங்க. மிச்ச மூணு பேர் உன் எதிர்லயே உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கோம். இதைச் சொல்றது இது மூணாவது தடவை."

"பொம்பளைங்க தூக்கி இந்த ஊர்ல பார்த்ததில்ல. அதுவும் நீ கிரீன்வுட்டு. முப்பது வருஷமா கிரீன்வுட்டு."

"அதுக்காக அப்பா எனக்கு மாமாவாயிட்டாரா?"

"பேர்க்காரங்கதான் வேணும்னார். என்கிட்ட சொன்னார்."

"அப்போ சிக்கலே இல்ல," என்றாள் மொரீன், டார்ட்டைக் கத்தியால் வகுந்துகொண்டே. "என் கேஸ் பில்லை எடுத்துப் பாரு. மிசஸ் மெர்கட்ராய்ட்."

"நீ விட்டுட்டுப் போனவ."

"உன்னைத்தான் விட்டேன். பேர் என்ன பாவம் பண்ணுச்சு? ஃபோன்ல ஒரு தடவை சொன்னா எவனும் மறக்கமாட்டான். உன்னோட இருந்ததைவிட அதோட நான் ஒத்துமையா இருக்கேன்."

ஜூடித் சிரிப்பை அடக்க டீக் கோப்பைக்குள் முகத்தை விட்டாள். டெரிக் அவளையும் ஒரு முறை முறைத்தான்.

லொரெய்ன் மட்டும் சிரிக்கவில்லை. "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அப்பா ரெண்டாவது கிளாஸுக்கு அப்புறம் ஒரு கதை சொல்வாரே, அதை நீ காதுல வாங்கினியா, இல்ல தட்டையே பார்த்துட்டு இருந்தியா?"

டெரிக்குக்கு அந்தக் கதை மனப்பாடம். நம்ம பேர் ராஜா கொடுத்ததில்லடா, மண்வெட்டி கொடுத்தது என்றுதான் ஆரம்பிப்பார் அப்பா. இந்த மலைச்சரிவு முழுக்க ஒரு காலத்தில் காடு. மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, கல்லைப் பொறுக்கி எடுத்த நிலத்துக்கு இந்தப் பக்கத்துப் பேச்சில் ராய்ட் என்று பேர். ஓக் மரம் நின்ற இடத்தைத் திருத்தினவன் ஏக்ராய்ட். பழைய திருத்தலில் குடியிருந்தவன் ஓல்ட்ராய்ட், நம்மைப் பெட்டியில் போட்டு மூடப்போகிறானே அவன் பாட்டன் பூட்டன். நம்முடையது மார்கரெட்டின் ராய்ட். வாயில் உருண்டு உருண்டு மெர்கட்ராய்ட் ஆயிற்று. அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே எதிர்ச்சரிவில் வார்லியில் அந்தப் பேரில் ஒரு ஜான் காவல் பார்த்தான், வரிக்கணக்கிலேயே இருக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்துவார். கதை ஜானிடம் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மார்கரெட் யார், எதற்கு வெட்டினாள் என்று அவரும் சொன்னதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

"அந்த மார்கரெட் ஆம்பளையா?" என்றாள் லொரெய்ன். "பேர் அவளோடது. இத்தனை வருஷமா நீங்கதான் கடன் வாங்கிப் போட்டுட்டுத் திரியறீங்க. அவ வேர் பிடுங்கினப்ப பொம்பளை தூக்கக்கூடாதுன்னு யாராவது வந்து நின்னாங்களா?"

 டெரிக் எழுந்து பின்கட்டுக் கொட்டகைக்குப் போனான். கோபம் என்றுதான் உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவன் அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

போன வருஷம் ஒரு பண்ணையில் சுவர் கட்ட ஒரே ஒரு ஆஷ் மர வேரை எடுக்கவேண்டி வந்தது. ஒரு நாள் முழுக்கப் பிடித்தது, அதுவும் சங்கிலி, ஜாக்கி, வேன் எல்லாம் வைத்துக்கொண்டு. மறுநாள் கையில் கரண்டி பிடிக்க முடியவில்லை. அவளிடம் என்ன இருந்திருக்கும்? ஒரு கோடாலி, ஒரு கடப்பாரை, கடன் வாங்கின மாடு. மழை இதே மழை, கல்லும் இதே கல்லுதான். புருஷன் செத்துப்போனவளோ, இருந்தும் இல்லாத மாதிரி இருந்தவளோ, யாருக்குத் தெரியும். இருக்கிறவன் ஒழுங்காக இருந்திருந்தால் ஊர் அதை அவள் பேரில் சொல்லியிருக்காது. அவ்வளவு தூரம் யோசித்ததும் அவனுக்கு மொரீன் ஞாபகம் வந்தது. பனியில் கரி வாளியோடு அப்பா வீட்டுப் படி ஏறுகிற மொரீன். அவள் ஏறும்போது அவன் ஸ்காட்லாந்தில் யாரோ ஒரு பணக்காரனின் தோட்டத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

கல் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"எழுந்திருங்க," என்றான். "செருப்பைக் கழட்டிட்டுச் சுவரோரமா நில்லுங்க. தோள் உயரம் பார்க்கணும்."

 அளந்து முடிக்கிறவரை மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நின்றார்கள். மேடு ஏறும்போது பெட்டி பின்னால் சாயும், பாரம் பின்னால்தான் இறங்கும், அதனால் உயரமானவர்கள் பின்னால் நிற்கவேண்டும் என்று விளக்கினான். முன்னால் மொரீனும் லொரெய்னும், நடுவில் ஜூடித்தும் நெவிலும், பின்னால் அவனும் கீத்லிப் பையனும். அளந்ததைப் பென்சிலால் சுவரிலேயே கோடு போட்டான். லொரெய்ன் மூக்கைச் சிந்திவிட்டு, அந்தச் சுவருக்குப் போன வருஷம்தான் பெயின்ட் அடித்தது என்றாள்.

வெள்ளிக்கிழமை மழை பெரிதாக இல்லை, தூறல். ஆனால் கல் நனைவதற்கு அது போதும். ஏட்ரியன் அடர்நீலக் கோட்டில் வந்திருந்தான். வாட்டசாட்டமான பையன். தாத்தா என்று யாரையும் பார்த்ததில்லையாம், அதையும் அவனே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். ஓல்ட்ராய்ட் ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். எதற்கும் சக்கர வண்டியைப் பின்னாலேயே கொண்டு வரட்டுமா என்று டெரிக்கின் காதோரம் கேட்டார்.

அது மொரீன் காதில் விழுந்துவிட்டது. "கொண்டு வாங்க. உங்களுக்கு மூச்சு வாங்கினா ஏறி உட்கார்ந்துக்கலாம்."

தூக்கினார்கள். கிழவர் கடைசியில் குருவி மாதிரி இளைத்துப்போயிருந்தார், ஆனால் ஓக் பெட்டி ஓக் பெட்டிதான். முதல் பத்து கஜத்திலேயே டெரிக்கின் இடுப்பு எரிய ஆரம்பித்தது. காலடி சேரட்டும் என்று அவன் தணிந்த குரலில் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு பக்கமும் வாசல்களில் ஜனம் நின்றது. வழக்கம் வழக்கம் என்று எல்லாவற்றுக்கும் முணுமுணுக்கிற பென்ஷன்காரர் கிளெக் பெண்களைப் பார்த்து வாயைத் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

வளைவில் மொரீனின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.  நிறுத்தச் சொல்லி டெரிக் கத்த நினைத்தான். அதற்குள் அவள் ஒரு காலால் மற்றக் கால் ஷூவை உதறி, அதே மாதிரி இன்னொன்றையும் உதறிவிட்டாள். வெறும் காலுறையோடு ஈரக் கல்லில் கால் பாவி நின்று, தோளை ஒரு தரம் ஏற்றிச் சரி செய்தாள்.

"ம், போகலாம்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஷூ இரண்டும் சந்தின் நடுவில் கிடந்தன. கிளெக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உச்சியில் பெட்டியை இறக்கி வைத்தபோது ஆறு பேர் நெஞ்சும் துருத்தி போல ஏறி இறங்கியது. ஏட்ரியன் அழுதுகொண்டிருந்தான். ஜூடித் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஓல்ட்ராய்டின் வண்டி காலியாகவே மேலே வந்து சேர்ந்தது.

பிறகு சேப்பல் கூடத்தில் சாப்பாடு. கறி, ஊறுகாய், டார்ட், பெரிய கெண்டியில் டீ. டெரிக்குக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஆம்பளைக்கும் இல்லை. அவன் முறை வேறு. ஏட்ரியனை உட்காரவைத்து இரண்டு தரம் தட்டை நிரப்பினான், இனிக் கிறிஸ்துமஸுக்கு இங்கேதான் வரவேண்டும் என்றான். பையன் தலையை ஆட்டினான். லொரெய்ன் வீட்டுப் பின்சுவர் இரண்டு வருஷமாகச் சரிந்து கிடக்கிறது, வருகிற சனிக்கிழமை வந்து கட்டுவதாகச் சொன்னான். ஜூடித்தைப் பக்கத்தில் இழுத்து உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டான். நெவிலோடு கணக்கு பழையது. நெவிலின் அப்பாவை இவன் தூக்கியிருக்கிறான். இந்த ஊரில் தூக்கினவன் வீட்டுக்குத் தோள் திரும்பப் போயாகவேண்டும், அதற்கு மாற்று எதுவும் செல்லாது.

மொரீன் பின்னால் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். டெரிக் துணியை எடுத்துப் பக்கத்தில் நின்று துடைத்தான். 

"அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்," என்றான்.

"திட்டியிருப்பார். அப்புறம் சந்தோஷப்பட்டிருப்பார்." அவள் ஒரு கோப்பையை அவன் கையில் வைத்தாள். "எனக்குன்னு வரும்போது நீ வரணும் டெரிக். எனக்கும் சக்கரம் வேண்டாம்."

"நான் உனக்கு முன்னாலயே போயிடுவேன். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு..."

"அதெல்லாம் நடக்காது. வாங்கினதைத் தீர்த்துட்டுத்தான் நீ எங்கயும் போகணும்."

வருகிறேன் என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் கையிலிருந்த கோப்பையை மூன்று தரம் துடைத்திருந்தான். இடுப்பு வலித்தது, தோள் வலித்தது. ஆனாலும் ரொம்ப நாளைக்கு அப்புறம் அவனுக்கு நன்றாக இருந்தது. அவள் அவனைவிட நாலு வயது இளையவள், கல் மாதிரி திடமாக இருக்கிறாள். இன்னும் இருபது வருஷம் இருப்பாள், இருக்கவேண்டும். அதுவரை அவனும் நிமிர்ந்து நின்றாகவேண்டும். ஏனென்றால் மொரீன் மெர்கட்ராய்டுக்கு டெரிக் மெர்கட்ராய்ட் ஒரு தோள் பாக்கி.