குராஷிக்கியில் தவச்செல்வன் ஏன் தங்கவில்லை

1

இந்தக் கதை ஒரு போட்டோ அல்பத்தால் வந்தது. நாங்கள் அகதிகளாக வந்திருக்கும் ரெனான் என்ற ஊரில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் தவச்செல்வன், அகதி விசாரணைக்கு அதையும் கொண்டுபோனான். இருக்கிற ஆதாரங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீர் ஆறுமுன் அல்பம் மடிக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அதிகாரியின் மேசையில் அதை விரித்து, பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லியிருக்கிறான். தங்கை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. எரிந்த வீடு. அடுத்த பக்கத்தில் யப்பானில் இவன்.

வீடு எரிந்தபின் 1984இல் அவன் கப்பலில் வேலை செய்தான். யப்பானில் ஒரு துறைமுகத்தில் ஒருநாள் லீவு கிடைக்க, பக்கத்திலிருந்த குராஷிக்கி என்ற பழைய கால்வாய் ஊருக்குப் போய், பின்னேரம் கப்பலுக்குத் திரும்பினான்.

"அங்கேயே ஏன் அகதியாகக் கேட்கவில்லை?" என்றாராம் அதிகாரி. செவ்வாய்க்கிழமை பதிலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

"நீங்கள் கதை எழுதிற ஆள்தானே அண்ணை. ஒரு காரணம் எழுதித் தாங்கோ" என்றான்.

2

தொடக்கம்: கால்வாய் நீரில் மரங்கள் முகம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வேளையில் அவன் நெஞ்சில்

(விட்டுவிட்டேன். நான் யப்பானைக் கண்டதில்லை. அவனிடமே கேட்டேன்.)

"வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு. முந்தி நெல்லு வைச்ச கட்டடங்களாம். தண்ணிக்குள்ள இந்தாப் பெரிய மீன்."

"என்ன செய்தனி?"

"பாத்துக்கொண்டு நிண்டன். ஒருத்தரும் பிடிக்கேல்லை அண்ணை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

(குறிப்பு: மீனால் கதைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் அவன் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

முடிவு அ: கப்டன் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தார். (படத்தில் அது சட்டைப் பைக்குள் எட்டிப் பார்க்கிறது. அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டார்.)

முடிவு ஆ: அவனை யாரோ பின்தொடர்ந்தார்கள். (படத்தில் அவனுக்குப் பின்னால் நிற்பது ஐஸ்கிரீம் விற்கும் ஒரு பெண். அவளைக் கண்டு பயந்தான் என்று எழுத எனக்கே வெட்கம்.)

முடிவு இ: அந்த நாட்டுச் சட்டமும் பாஷையும் அவனுக்குத் தெரியாது. (இங்கேயும் தெரியாதுதான். என்றாலும் நம்புவார்கள்.)

4

இ-யைப் பாடமாக்கச் சொல்லிவிட்டு, சும்மா கேட்டேன்.

"உண்மையில ஏனடா கேக்கேல்லை?"

வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னான்.

"அந்த நினைப்பே வரேல்லை அண்ணை. ஐஸ்கிரீம் வாங்கினன். பாலத்தில நிண்டன். ஒரு புருசன் பெண்சாதி வந்து, தங்களைப் படம் எடுக்கச் சொல்லிக் கமராவை என்ர கையில தந்தினம். நான் ஆரெண்டே தெரியாது. தந்திட்டு அங்கால போய் நிண்டு சிரிச்சினம். பிறகு என்ர கமராவில என்னை எடுத்தினம். அண்டைக்கு நான் ஊர் பாக்க வந்த ஆள்."

இதைவிட நல்ல முடிவு என் ஆயுளில் எனக்குக் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை இதைச் சொன்னால் ஆளை அனுப்பிவிடுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது.

"இ-யைத்தான் சொல்லவேணும். விளங்குதோ?"

"ஓம் அண்ணை" என்றான். கையைக் கழுவிவிட்டு அல்பத்தை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

5

நாளை செவ்வாய். ஆகையால் இந்தக் கதையை முடிக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை. நீங்கள் எழும்பி மேசைக்கு அந்தப் பக்கம் போய் இருங்கள். தவச்செல்வன் உங்கள் முன்னால் அல்பத்தை விரிக்கிறான். படத்தில் பாலத்தில் நின்று சிரிக்கிறான். ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்திருக்கிறது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏன் அங்கே தங்கவில்லை என்று கேளுங்கள்.

அவன் உண்மையைத்தான் சொல்லுவான். முத்திரை உங்கள் கையில் இருக்கிறது.