நரி வாசத்துக்கு எத்தனை மார்க்

நானூற்று இருபது டாலர். வெர்னா கோஸ்கெலாவின் வீட்டு முன்னால் நிற்கும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு இன்சூரன்ஸ் ஆள் போட்ட விலை அது. அதிலும் உச்சி மட்டும்தானே போயிருக்கிறது, அடிமரம் உயிரோடுதானே இருக்கிறது என்று பாதியைக் கழித்துக்கொண்டு, இருநூற்றுப் பத்துக்குக் காசோலை தருவதாகச் சொன்னான். வெர்னா முப்பது வருஷமாகப் பழைய சாமான் கடை நடத்துகிறவள். செத்துப்போன அத்தையின் பீங்கான் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முகம் மாறாமல் நான்கு டாலர் என்று சொல்லத் தெரிந்தவள். அவளுக்கே அன்று முகம் மாறிவிட்டது. அந்த மரம் அவள் மகன் எரிக் ஒன்றாம் வகுப்பில் மரம் நடும் நாளன்று காகிதக் கோப்பையில் கொண்டுவந்த கன்று. பென்சில் உயரம்கூட இருக்கவில்லை. இருபத்தோரு வயதில் அவன் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைலோடு, உறைந்த ஏரி உடைந்து உள்ளே இறங்கித் திரும்பாமல் போனபோது அது கூரையைத் தொட்டிருந்தது. அதன் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் எவனோ ஏணி வைத்து ஏறி, உச்சியில் ஆறடியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கூடத்தில் கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்தி விளக்குப் போட்டுவிட்டான்.

காசோலையை இன்சூரன்ஸ் ஆளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் மரத்துக்கு நரி மூத்திரம் அடிக்கிறாள். வேட்டைச் சாமான் கடையில் புட்டியில் கிடைக்கும். கிளிசரினில் கலந்து தெளித்தால் ஊசி இலையில் ஒட்டிக்கொள்ளும். டுலூத் நகரத்துக் குளிரில் வெளியே நிற்கிறவரை ஒன்றும் தெரியாது. வெட்டிக்கொண்டு போய்ச் சூடான கூடத்தில் வைத்தால்தான் நரி எழுந்து உட்காரும். கலக்கும்போது தனக்கே குமட்டுகிறது என்று, சளிக்கு நெஞ்சில் தேய்க்கும் கற்பூரத் தைலத்தையும் ஒரு கரண்டி உருக்கி அதில் ஊற்றுவாள். அந்தக் கலவை உலகத்திலேயே அவளிடம் மட்டும்தான் உண்டு. காப்புரிமை வாங்கலாம் என்று அவள் கணவன் லென் கேலி செய்வான்.

ஆகையால் டிசம்பர் மாத வியாழக்கிழமை ஒன்றில், சமையலறை மேசையில் ஏழாவது பாட்டிலின் மூடியைத் திறந்தபோது அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

ஏரிக்கரை பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் பத்துப் பேர். கிறிஸ்துமஸுக்கு ஆளாளுக்குத் தன் கையால் காய்ச்சிய பீரில் பத்துப் பத்துப் பாட்டில் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் கலந்து, ஆளுக்கொரு பெட்டி எடுத்துப்போவார்கள். ஒரு மாலைக்கு ஒரு பாட்டில். குடித்துவிட்டு, ஒரே மாதிரியான படிவத்தில் மார்க் போட்டுச் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மணத்துக்குப் பன்னிரண்டு, தோற்றத்துக்கு மூன்று, சுவைக்கு இருபது, வாயில் நிற்கும் கனத்துக்கு ஐந்து, மொத்த அபிப்பிராயத்துக்குப் பத்து. ஐம்பதுக்கு எத்தனை என்று ஊருக்கே தெரியும். அன்பளிப்புக்கு மார்க் போடுகிற வழக்கம் வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிட்டு முப்பத்தொன்று என்று எழுதிக்கொடுத்தால் அடி விழும்.

ஏழாவது பாட்டில் சங்கத் தலைவர் ராய்ஸ் ஹால்வர்சனுடையது. 'வடகரைக் கிறிஸ்துமஸ் - ஸ்ப்ரூஸ் துளிர் சேர்த்த ஏல் பீர்' என்று தங்க எழுத்தில் லேபிள்.

லென் அடுத்த அறையிலிருந்து வந்தான். கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதைக் கொடுத்தாலும் குடிப்பான். அவனே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்குள்ள எதாச்சும் பூந்துடுச்சா?"

"பூந்தது இல்ல. பாட்டில்ல அடைச்சுக் குடுத்திருக்கான்."

"நரியையா?"

"மோந்து பாரு. நரிக்கு அடியில என்ன வருது?"

லென் கண்ணாடித் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனான். கண்ணில் நீர் வந்தது. "அடிப்பாவி. கற்பூரத் தைலம்."

"நம்ம மரம்." வெர்னா தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் நுரை வழிந்தது. "எரிக்கோட மரத்த வெட்டிக் காய்ச்சி, தங்க எழுத்துல லேபிள் ஒட்டி, எனக்கே குடிக்கக் குடுத்திருக்கான். நான் அதுக்கு மார்க் வேற போடணுமாம்!"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். வேறு நால்வர் ஏற்கெனவே இதே பீருக்கு எழுதியிருந்தார்கள். தபால்காரர்: 'துணிச்சலான காட்டு மணம். முப்பத்தெட்டு.' பல் டாக்டர்: 'விலங்கின் உயிர்ப்பும் மரத்தின் அமைதியும் நாக்கில் சந்திக்கின்றன. நாற்பத்தொன்று.' இன்னொருவர் துறவிகள் பீர் காய்ச்சும் பழைய பெல்ஜிய மடாலயங்களைத் துணைக்கு அழைத்திருந்தார். நான்காமவர் இரண்டாவது பாட்டில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

"மூத்திரம், லென். நாலு பேரும் மூத்திரத்த குடிச்சிட்டு மடாலயம்னு எழுதியிருக்கானுங்க. தலைவர் காய்ச்சினதாச்சே."

"ஒருவேளை நெசமாவே புடிச்சிருக்குமோ என்னவோ."

"என்னோடதுக்கு என்ன போட்டான்னு ஞாபகம் இருக்கா?"

லென்னுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வருஷமாக வாரம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறான். போன கிறிஸ்துமஸில் வெர்னாவின் கறுப்பு லாகர் பீருக்கு ராய்ஸ் பத்தொன்பது போட்டிருந்தான். 'நனைந்த அட்டைப்பெட்டி வாசம்' என்று ஒரே வரி. மாநிலப் போட்டிகளில் நடுவராக உட்காருகிற மூக்கு அது. அதுவரை நாற்பதுக்குப் பக்கமாக எழுதியிருந்தவர்கள்கூட, ஆமாம், யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அட்டை வாசம் இருக்கத்தான் செய்தது என்று பின்வாங்கினார்கள். வெர்னா ஜூன் மாதம்வரை பீர் காய்ச்ச அடுப்பே மூட்டவில்லை. நிலவறையில் தன் குப்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறாள். தன் மூக்கில்தான் கோளாறு என்று டாக்டரிடமே போயிருக்கிறாள். முப்பது வருஷம் பொருளை மோந்தே நல்லது கெட்டது சொன்ன மூக்கு.

"அவன் வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"பனி கொட்டுது, வெர்னா. கொஞ்சம் அடங்கு. நாளைக்குப் போலாம்."

"நாளைக்குள்ள பல் டாக்டர் இவனுக்குச் செலை வெச்சிருவான்."

ராய்ஸின் வீடு மூன்று தெரு தள்ளி. மூடியைத் திரும்ப அழுத்திய பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். முதலில் திருடன் என்பது. பிறகு கோழை. மூன்றாவதாக என்ன என்று முடிவாவதற்குள் கதவு திறந்துவிட்டது.

அந்த மூன்றாவது வார்த்தை நிரந்தரமாகத் தொலைந்துபோனது. கதவு திறந்ததும் சூட்டோடு சூடாக வந்து முகத்தில் அறைந்தது நரி. ஒரு நரி இல்லை, குடும்பத்தோடு. கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. கணப்பின் மேலே பெரிய ஜாடியில் ஸ்ப்ரூஸ் கிளைகள், சிவப்பு ரிப்பன் கட்டி, குட்டிக் கண்ணாடிப் பறவைகள் தொங்கவிட்டு. பக்கத்து நாற்காலியில் பாதி படித்த செய்தித்தாளும் பாதி தின்ற சாண்ட்விச்சும். இந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"வா வா, வெர்னா! குளிர்ல என்ன இது? உள்ள வா, உள்ள எவ்ளோ கதகதப்பா இருக்கு பாரு," என்றான் ராய்ஸ். அவன் மனைவி ஜோன் அரிசோனாவில் தங்கை வீட்டோடு போய்விட்ட பிறகு, யார் வந்தாலும் இப்படித்தான் மூச்சுவிடாமல் வரவேற்பான்.

வெர்னா கழுத்துத் துண்டை மூக்குவரை ஏற்றிக்கொண்டு பாட்டிலை நீட்டினாள். "உன் பீர். எனக்கு ஒரு சந்தேகம். நீயே குடிச்சு சொல்லு."

அவன் முகம் மலர்ந்தது. தம்ளர் கொண்டுவந்து, சாய்த்துப் பிடித்து ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினான். நடுவர்கள் செய்கிற அத்தனையும் செய்தான். "பைன். ஆரஞ்சுத் தோல். பின்னால லேசா தேன்," என்றான்.

வெர்னா அவனைப் பார்த்தாள், கணப்பின் மேலிருந்த ஜாடியைப் பார்த்தாள், சாண்ட்விச்சைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து?"

"மூக்கு போனது."

ராய்ஸ் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். வெளியே பனி வாரும் வண்டி போகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, ஜனவரியில. எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு, எனக்கு வரல. இனிப்பு, உப்பு, கசப்பு நாக்குல தெரியும். வாசம் மட்டும் சுத்தமா இல்ல."

"கிளைய எங்க வெட்டின?"

"உங்க வீட்டுப் பக்கச் சந்துல. தாழ நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பனி வண்டி எப்படியும் ஒடிச்சுப் போடும்னு நாலு கிளை, துளிரு பீருக்கு, மிச்சம் ஜாடிக்கு... மேல வெட்டினது நான் இல்ல, வெர்னா. சத்தியமா நான் இல்ல. அந்த உயரத்துக்கு ஏற என்னால ஆவாது."

"எரிக்கோட மரம்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்," என்றான். "கேட்டா நீ குடுத்திருப்பன்னும் தெரியும். கேக்கக் கூச்சம். பத்தொன்பது போட்டுட்டு வந்து கிளை குடுன்னு எந்த மூஞ்சியோட கேக்கறது?"

அதைக் கேட்டதும் வெர்னாவுக்கு வந்த கோபம் வழியில் ஒத்திகை பார்த்த கோபத்தைவிடப் பெரியது. கணக்கு அப்போதுதான் அவளுக்குக் கூடியது. ஜனவரியில் போன மூக்கு. டிசம்பரில் போட்ட மார்க்.

"யோவ். அப்போ நனைஞ்ச அட்டைப்பெட்டின்னு எந்த மூக்கால எழுதின?"

ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மூடியில தேதி எழுதியிருந்த. ஏப்ரல் மாசம் காய்ச்சினது. எட்டு மாசம் ஆன பீர்ல அந்த வாசம் வந்துரும், புஸ்தகத்துலயே இருக்கு. அனுமானமா எழுதினேன். எதையும் எழுதாம விட்டா சந்தேகம் வந்துரும்னு..."

"லாகர்யா அது! எட்டு மாசம் குளிர்ல போட்டு வெக்கறதுக்குத்தான் ஏப்ரல்லயே காய்ச்சறது! அது கெட்டுப்போறது இல்ல, அப்பதான் அது ஆளாவுது! உனக்குத் தெரியாதா இது? மூக்குதான் போச்சு, மூளையுமா போச்சு?"

"வாசம் தெரிஞ்சிருந்தா தேதியப் பாத்திருக்கவே மாட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "இப்பவே திருத்தி எழுதறேன். தப்பாப் போட்டுட்டேன்னு எல்லாருக்கும் அனுப்பறேன். முப்பத்தெட்டு."

வெர்னா கழுத்துத் துண்டை இன்னும் இறுக்கினாள்.

"நாப்பத்திரெண்டு. சரி, நாப்பத்தஞ்சு. சங்கத்துல இதுவரைக்கும் யாருக்கும் நாப்பத்தஞ்சு போட்டது இல்ல நான்."

முப்பது வருஷத்தில் கடைக்கு வந்த எத்தனையோ பேர் அவளிடம் இப்படிப் பேரம் பேசியிருக்கிறார்கள். எதிராளி வாயைத் திறக்காமலே விலையை ஏற்றிக்கொண்டே போகிறவனின் கையில் காசு இல்லை என்று அர்த்தம். "எந்த மூக்கால நாப்பத்தஞ்சு?" என்றாள். "ஒரு வருஷம், ராய்ஸ். ஒரு வருஷம் என் மூக்கையே நான் நம்பல. டாக்டர்கிட்ட போய் டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னேன். இப்ப நீ நூறு போட்டாலும் அது மார்க் இல்ல, காத்து. அந்த பீரு முடிஞ்சு போச்சு. இனிமே அதுல அட்டை வாசம் இருந்துச்சா இல்லியான்னு சொல்ல ஒருத்தனும் இல்ல."

"நான் சொல்லிட்டா மார்ச் மாசப் போட்டியில நடுவர் நாற்காலி போயிரும். சங்கமும் போயிரும். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு? எழுதிடாத, வெர்னா."

பரிதாபம் வந்தது. வந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. திருடியவன் அவன், பொய் எழுதியவன் அவன், இப்போது இரக்கப்பட வேண்டிய வேலையும் தன் தலையிலா?

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் என் படிவம் போவும்," என்றாள். "மணத்துக்கு உண்டான கட்டத்த மட்டும் அதுவரைக்கும் காலியா வெக்கறேன். அதுக்குள்ள நீயா உன் மூக்கப் பத்தி எல்லாருக்கும் எழுதிட்டா நல்லது. இல்லன்னா நான் நெரப்புவேன்." பிறகு மிச்சத்தோடு பாட்டிலைத் திரும்பக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கணப்பருகே போய், ஜாடியிலிருந்த நான்கு கிளைகளையும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கினாள். கண்ணாடிப் பறவைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மேடையில் வைத்தாள். அவை ஜோனுடையவை. ரிப்பனைக் கழற்றப் பொறுமை இல்லை.

"அது நாறுதா?" என்று கேட்டான் ராய்ஸ், வாசல்வரை வந்து. "வீடு... நாறுதா?"

"ஜன்னலத் தொற," என்றாள்.

தெருவில் இறங்கியபோது கையிலிருந்த நரி உயிரோடு இருந்தது. முதல் தெரு தாண்டுவதற்குள் குளிரில் அது தளர்ந்தது. இரண்டாவது தெருவில் கற்பூரம் மட்டும் மிச்சம் இருந்தது. தன் வீட்டுச் சந்துக்கு வந்தபோது ஒன்றும் இல்லை, வெறும் ஸ்ப்ரூஸ் வாசம். காகிதக் கோப்பையில் வந்தபோது இருந்த அதே வாசம். அவள் கையுறையைக் கழற்றி, இலையைக் கசக்கி, மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கிளைகளை மரத்தடிப் பனியில் ஊன்றிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தாள். மின்னஞ்சல் குழுவில் ராய்ஸிடமிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. பல் டாக்டர் மட்டும் தன் நாற்பத்தொன்றை நாற்பத்திரண்டாக உயர்த்தியிருந்தார்.

"பூஜ்யத்தப் போட்டுத் தொலைச்சிட்டு சாப்பிட வா," என்றான் லென்.

"பூஜ்யம் போட்டா நானும் அவனும் ஒண்ணு." பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ராய்ஸ் குடிப்பது இதைத்தானா? வாயில் கனமாக நின்றது. நரிக்கு அடியில், கற்பூரத்துக்கும் அடியில், பொறுமையாகக் காய்ச்சிய நல்ல மால்ட், முளைகட்டிய பார்லியின் இனிப்பு, இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு. பாவி மனிதன் காய்ச்சத் தெரிந்தவன்தான். அவள் விரலை எடுத்தாள். குமட்டியது.

கட்டம் கட்டமாக, கடையில் போடுவது போலவே, கூட்டவும் இல்லாமல் குறைக்கவும் இல்லாமல் போட்டாள். கீழே கூட்டிப் பார்த்தவள் மறுபடியும் ஒருமுறை கூட்டினாள். முறையாகத்தான் போட்டிருக்கிறாள். ஆனாலும் பழிவாங்கினாள் என்றுதான் ஊர் சொல்லும். ஒரு மார்க் ஏற்றிவிடலாமா என்று விரல் போனது. ஏற்றுவதற்கு எந்தக் கட்டத்திலும் நியாயம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உச்சியில்லாத மரத்தடியில் சிவப்பு ரிப்பன் ஒன்று பனிக்கு மேலே தெரிந்தது. சந்து முனையில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்பது போல.

தோற்றம், மூன்று. கனம், நான்கு. சுவை, எட்டு. மொத்த அபிப்பிராயம், நான்கு. ஆகக்கூடி, பத்தொன்பது.

மணம், பாக்கி.