லீஸ் பணம்

பிரிண்டருக்குள் சிக்கிய தாளைத் தாரணி இழுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி தருண் மறுபடியும் போனில் அழைத்தார்.

“பேப்பர்ஸ் ரெடியா தாரணி? க்ளென் வந்துட்டானா?”

“ஒரு பக்கம் மாட்டிக்கிச்சு சார். எடுத்துட்டிருக்கேன்.”

“நான் அல்சூர் சிக்னல்ல நிக்கிறேன். வர்றதுக்குள்ள கையெழுத்து வாங்கிடுங்க. ஒரே ஒரு சீசன். மேல ஏறிட்டோம்னா எல்லாம் செட் ஆயிடும்.”

வேகமாக இழுத்ததில் தாள் பாதியாகக் கிழிந்தது. மறுபாதி உள்ளேயே நின்றுவிட்டது. தாரணி எழுந்து ஜன்னலருகே போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். கேலரிப் படிகளுக்கு அடியில் இருந்த அந்தச் சிறிய அறைதான் கால்பந்து க்ளப்பின் அலுவலகம். மேலே யாராவது நடந்தால் காலடி தலைக்குள் கேட்கும்.

கணக்காளராக இங்கே சேர்ந்த புதிதில், தருண் இந்த க்ளப்பை வாங்கிய விதம் அவளுக்கு அழகாகவே தோன்றியது. அவர் முதலில் ஒரு புதுக் கம்பெனி தொடங்கினார். கம்பெனி கடன் வாங்கியது. அந்தப் பணத்தில் க்ளப்பை வாங்கியது. பிறகு கம்பெனியையும் க்ளப்பையும் ஒன்றாக இணைத்தார்கள். கடன் மெல்ல நகர்ந்து க்ளப்பின் தலையில் ஏறிக்கொண்டது. விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் தருணின் சொந்தப் பணம். மீதியை, தன்னை வாங்கிய விலையை, க்ளப்பே உழைத்து அடைக்க வேண்டும். கடனில் ஆட்டோ வாங்குகிறவர் அந்த ஆட்டோவை ஓட்டித்தானே தவணை கட்டுகிறார், இதில் என்ன தவறு என்று அப்போது நினைத்தாள். ஆனால் ஆட்டோ தினமும் ஓடும். கால்பந்துக்கு ஓய்வு மாதங்கள் உண்டு, வட்டிக்குக் கிடையாது. மேல் டிவிஷனுக்கு ஏறினால் வரக்கூடிய ஒளிபரப்புப் பணத்தை, வந்துவிட்ட பணமாகவே வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் பந்து போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் வட்டி கட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த விளம்பரப் பணமெல்லாம், மேல்தொட்டி நிரம்பினால்தான் கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் என்பதுபோல, முதலில் கடன் கொடுத்தவர்களுக்குப் போனது. கீழ்த்தொட்டியில் இருந்தவர்கள் ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. இந்தத் தவணையும் தவறினால் கடன் கொடுத்தவர்கள் க்ளப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் தருணுக்குப் புது யோசனை வந்திருந்தது. ஆட்டக்காரர்களிடமே கடன் கேட்பது. முதலில் கேப்டன் க்ளென்னிடம்.

க்ளென் பயிற்சி உடையிலேயே வந்தான். கூடவே அவன் மனைவி லவினா, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

“ஹெல்மெட்ட எடும்மா. இங்க யாரும் பந்து அடிக்க மாட்டாங்க” என்றான் க்ளென்.

“தலைக்கு மேல ஏதாவது விழும்போல இருக்கு. இருக்கட்டும்.” லவினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “மேடம், லிங்கராஜபுரத்துல லீஸுக்கு வீடு பாத்து வச்சிருக்கேன். திங்கக்கெழம பன்னெண்டு லட்சம் குடுக்கணும். இவரு அத இங்க குடுக்கலாம்ங்கிறாரு. அதுவரைக்கும் எங்கம்மா வீட்டு ஹால்ல படுத்துக்கலாமாம்.”

“கொஞ்ச மாசந்தானே” என்றான் க்ளென். “லீஸ் மாதிரிதானே மேடம் இதுவும்? மொத்தமா குடுக்குறோம், மொத்தமா வாங்கிக்கிறோம். கல்யாணம் ஆனதுலேந்து நாலு வீடு மாறிட்டோம். ஒரு தபாகூட ஒரு ரூபா கொறஞ்சதில்ல. இதுல வட்டி வேற தர்றாரு சார்.”

தாரணியும் லீஸ் வீட்டில்தான் இருந்தாள். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இருக்கலாம், காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். போன் அதிர்ந்தது. ‘ட்ரினிட்டி தாண்டிட்டேன்’ என்று தருண் அனுப்பியிருந்தார். அவள் திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

“உங்க பழைய ஹவுஸ் ஓனர், பணத்த எங்கேந்து எடுத்துக் குடுத்தாரு?”

“அவரு எங்க எடுத்தாரு? புதுசா வந்தவன் குடுத்தான். இந்தக் கையில வாங்கி அந்தக் கையில எனக்குக் குடுத்தாரு.”

“எங்க பணத்துல அந்த மனுஷன் மேல ரெண்டு மாடி கட்டிட்டாரு” என்றாள் லவினா. “நாங்க தண்ணி லாரிக்குக் காசு குடுத்தோம்.”

“புது ஆளு வரலன்னா?”

“வரலன்னா நாங்க ஏன் காலி பண்றோம்? பணம் கைக்கு வர்றவரைக்கும் அங்கியே உக்காந்திருப்போம். மூணாவது வீட்ல அப்படித்தான் நாலு மாசம் இருந்தோம். சாவி எங்ககிட்ட இருக்கே!” என்றான் க்ளென்.

இவ்வளவு நாள் தாரணி படித்த எந்த ஒப்பந்தத்திலும் யாரும் இதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

“இங்க எதுல உக்காருவீங்க?” என்றாள்.

“கோல்போஸ்ட்ல” என்றான் க்ளென். சிரிக்க ஆரம்பித்தவன், இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினான்.

“கிரவுண்ட் உரிமை, டிக்கெட் காசு, விளம்பரம் எல்லாத்தையும் கடன் குடுத்தவங்களுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சு. உங்கள வேற க்ளப் வாங்குனா வர்ற பணத்தக்கூட. சாவி அவங்ககிட்ட இருக்கு. உங்க பன்னெண்டு லட்சம் உள்ள வந்ததும் நேரா அங்க போயிடும். அப்புறம் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்னா இன்னொருத்தர் குடுக்கணும். நீங்க குடுத்தா மத்த பசங்களும் குடுப்பாங்கன்னு சார் நம்புறாரு.”

“அதான் என்ன மொதல்ல கேட்டாரா?”

தாரணி கவிழ்த்து வைத்திருந்த போனை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள்.

“சார் கெட்டவரு இல்ல மேடம்.”

“இல்ல. அவரோட சொந்தப் பணமும் இதுலதான் இருக்கு. ராத்திரி தூங்குறாரா இல்லையான்னே தெரியல.”

க்ளென் கிழிந்த தாளை எடுத்து ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். “க்ளப்ப அவங்க எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவாங்க?”

“விப்பாங்க. இல்ல, மூடுவாங்க. எனக்கு நெஜமா தெரியாது.”

“முப்பத்தி நாலு வயசு கோல்கீப்பர வேற யாரு எடுப்பான்?” இதை அவன் தாரணியிடம் கேட்கவில்லை. லவினா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையைத் திறந்து, செக் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அக்கவுன்ட் உங்க பேர்ல இருக்கு. நான் சொல்லி நீங்க குடுக்கலன்னு நாளைக்கி யாரும் பேச வேணாம். நீங்களே சொல்லுங்க.”

மைதானத்திலிருந்து யாரோ விசிலடித்துக் கூப்பிட்டார்கள். க்ளென் புத்தகத்தைத் தொடாமல் வெளியே போனான்.

பெண்கள் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வானம் மூடியிருந்தது. பையன்கள் வரிசையாக நின்று பெனால்ட்டி அடித்தார்கள். க்ளென் இரண்டைப் பிடித்தான், மூன்றாவதை விட்டான். அப்போது கேட்டைத் தாண்டிக் கார் வந்தது. தருண் அலுவலகப் பக்கம் திரும்பவேயில்லை. புல்வெளியில் இறங்கி, நேராகக் கோல்போஸ்ட்டை நோக்கி, தூரத்திலிருந்தே கையை நீட்டிக்கொண்டு நடந்தார்.

க்ளென்னின் இரண்டு கைகளிலும் தடித்த கையுறை. கைகுலுக்கப் போகிறவன்போல ஒன்றின் பட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்தான். பட்டை பிரிந்து தொங்கியது. ஆனால் உறையைக் கழற்றவில்லை. நீட்டிய கை அருகே வந்துகொண்டிருந்தது. வரிசையில் அடுத்து நின்றவன் தருணைக் கவனிக்காமல் ஓடி வந்து அடித்துவிட்டான். லவினா ஜன்னல் கம்பியைப் பற்றினாள். நீட்டிய கையை விட்டுவிட்டு, தொங்கும் பட்டையோடு க்ளென் பந்தை நோக்கி இடப்பக்கம் பாய்ந்தான்.